மாடிப்படிக்குக் கீழே ஒரு மரியாதை அறை

சம்பந்தியம்மா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "கொஞ்சம் கை கழுவணும்" என்று எழுந்திருக்கும்போதுதான் ஒரு குடும்பத்துக்குப் பவுடர் ரூமின் அவசியம் உறைக்கிறது. கை கழுவ அடுப்படியில் குழாய் இருக்கிறது. அவர் கேட்பது அதையல்ல என்பது ஹாலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இருக்கிற ஒரே பாத்ரூமுக்குப் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கட்டில் தெரியாதபடி மடிக்காத துணி. அதைத் தாண்டினால் சோப்புத் தண்ணீரில் ஊறும் பக்கெட், கொடியில் காயும் உள்ளாடைகள், முடி சுற்றிய சீப்பு, மூடி தொலைந்த மூலக் களிம்பு. பத்துப் பொருத்தம் பார்த்தும் பிடிபடாத குடும்ப விவரங்கள் எல்லாம் மூன்று நிமிடத்தில் அந்த அம்மாளுக்குப் பிடிபட்டுவிடும்.

"ஒரு நிமிஷம் இருங்க சம்பந்தி" என்று வீட்டம்மா முந்திக்கொண்டு உள்ளே ஓடுவார். அந்த ஒரு நிமிஷத்தை நிரந்தரமாக ஒழிப்பதற்காகக் கட்டப்படுவதுதான் பவுடர் ரூம். ஒரு கம்மோடு, ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி. குளிக்க வசதி கிடையாது, வைக்கவும் கூடாது. குளிக்க வசதி செய்தால் வந்தவர் தங்கிவிடுவார்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் தரையில் போடும் ஓட்டை கீழ்வீட்டுக்காரரின் ஹால் சீலிங்கில் போய் முடியும். அதன்பிறகு சங்கக் கூட்டத்தில் உங்களால் வாய் திறக்க முடியாது.

தனி வீட்டுக்காரர்கள் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறது. இன்வெர்ட்டர், கொலுப்பெட்டி, கால் உடைந்த நாற்காலி, ஓடாத தையல் மிஷின், சீராக வந்து இன்றுவரை அடுப்பேறாத அண்டா ஆகியவை இப்போது அதை அனுபவித்து வருகின்றன. இவற்றில் எதையும் தூக்கிப் போட வீட்டில் சம்மதம் கிடைக்காது. எனவே எல்லாவற்றையும் ஹாலின் ஒரு மூலையில் அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்துங்கள். வேலை முடியும்வரை வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். வேலை முடிந்த பிறகும் கேட்பார்கள்.

உயரக் கணக்கு எளிது. தரையிலிருந்து மேல்தளம் வரை 10 அடி. படி ஒன்றுக்கு 6 அங்குலம் வீதம் 20 படி. பாதி ஏறியதும் திரும்புகிற மேடை 5 அடி உயரத்தில் நிற்கும். கான்கிரீட்டும் பூச்சும் அரை அடி போக, கீழே மிஞ்சுவது நாலரை அடி. சம்பந்தி வீட்டார் அனைவரும் நாலரை அடிக்குள் அமைந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, மேடையிலிருந்து திரும்பி மேலே ஏறுகிற இரண்டாவது வரிசைப் படிக்கு அடியில் இடம் பிடிப்பது. அங்கே உயரம் போகப்போகக் கூடும். தாழ்ந்த பக்கம் கம்மோடு, உயர்ந்த பக்கம் வாஷ்பேசின் என்று எஞ்சினியர் படம் போட்டுத் தருவார். உட்காருகிறவருக்கு உயரம் எதற்கு என்பது அவர் வாதம். வாதம் சரிதான், ஆண்கள் உட்காருவதில்லை என்பதை மட்டும் அவர் யோசித்திருக்க மாட்டார். நிற்கிற ஆணின் நெற்றி படியின் அடிப்பாகத்தில் மோதும். மோதிய சத்தம் ஹால்வரை கேட்கும். இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். உட்கார்ந்து போகும்படி மனைவி முப்பது வருடம் சொல்லிக் கேட்காதவர், இரண்டாம் முறை தானாக உட்காருவார். தரையும் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது வழியை மேஸ்திரி சொல்வார். "ரெண்டு படி கீழ இறக்கிடலாம் சார், சும்மா ஜம்முனு இருக்கும்." மேஸ்திரிக்கு இறக்குவதில் ஒரு தனி உற்சாகம் உண்டு, தோண்டுகிற கூலி, மண் அள்ளுகிற கூலி, தண்ணீர் கசியாமல் பூசுகிற கூலி என்று அது மூன்று வேலை. ஆனால் கம்மோடிலிருந்து புறப்படும் 4 அங்குலக் குழாய் 4 அடிக்கு 1 அங்குலமாவது சரிந்துகொண்டே போக வேண்டும். கொல்லைப்புறத்துச் சேம்பர் 40 அடி தள்ளி இருந்தால் 10 அங்குலச் சரிவு. தரையை ஏற்கெனவே ஓர் அடி இறக்கிவிட்டீர்கள் என்றால், குழாய் போய்ச் சேரும் இடத்தில் சேம்பர் அதைவிட உயரத்தில் இருக்கும். தண்ணீருக்கு மேடு ஏறுகிற வழக்கம் இல்லை. அத்துடன், வீட்டிலேயே மிகப் பள்ளமான இடம் இனிமேல் உங்கள் பவுடர் ரூம்தான். தெருச் சாக்கடை நிரம்பினால் அது திரும்பி வந்து முதலில் எட்டிப்பார்க்கும் இடமும் அதுவே. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளம் வாசல் வழியாக மட்டுமா வந்தது என்று.

குழாய் நேர்க்கோட்டில் போவது உத்தமம். ஒவ்வொரு வளைவும் பிற்காலத்தில் ஓர் அடைப்பு. மாடிப்படியிலிருந்து கொல்லைச் சேம்பருக்கு நூல் பிடித்துப் பார்த்தால் அது பூஜையறைக்கு அடியில் போகும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் போகிறது. இதற்குப் பிளம்பர்களிடம் விளக்கம் கிடையாது. பூஜையறையைச் சுற்றிக்கொண்டு போக நான்கு வளைவு தேவை. பாட்டி இருக்கும் வீடு என்றால் நான்கு வளைவு போடுங்கள். அடைப்பு எடுக்க ஒவ்வொரு வளைவிலும் மூடி வைக்கச் சொல்லுங்கள். இது நிஜமான ஆலோசனை.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒரு மாமா வாஸ்துக்காரரை அழைத்து வருவார். வடகிழக்கு ஈசானிய மூலை, அங்கே கழிப்பறை ஆகாது. தென்மேற்கு கன்னி மூலை, அங்கேயும் ஆகாது. தென்கிழக்கு அக்னிக்கு, அங்கே அடுப்பு. மிஞ்சியிருப்பது வடமேற்கு வாயு மூலை. ஆனால் மாடிப்படி தென்மேற்கில்தான் நல்லது என்று இதே வாஸ்துக்காரர் வீடு கட்டும்போது சொல்லி, நீங்களும் அங்கேதான் கட்டியிருப்பீர்கள். இப்போது படிக்குக் கீழே கழிப்பறை கூடவே கூடாது என்பார். வாதாடாதீர்கள். பரிகாரம் கேளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கல் உப்பு வைக்கச் சொல்வார். இந்தத் திட்டம் முழுவதிலும் உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரே செலவு அந்தக் கல் உப்புதான். கடலோர ஊரில் இருப்பவர்கள் கிண்ணத்துக்குக் கீழே ஒரு தட்டும் வையுங்கள். ஈரக் காற்றில் உப்பு ஒழுகும்.

கம்மோடு வாங்குவதில் ஒரே விதி: வாங்கிவிட்டுக் குழி தோண்டுங்கள், தோண்டிவிட்டு வாங்காதீர்கள். கழிவு தரையில் இறங்கினால் எஸ் ட்ராப், சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப்பிலும் பின்சுவரிலிருந்து குழியின் நடு 4 அங்குலத்தில் வருவது, 9 அங்குலத்தில் வருவது, 12 அங்குலத்தில் வருவது என்று சாதி பல. குழி ஓரிடம், கம்மோடு ஓரிடம் என்று ஆகிவிட்டால் கம்மோடு சுவரைவிட்டு முன்னால் தள்ளி நிற்கும். ஏற்கெனவே அது இரண்டடிக்கு மேல் நீளம். எதிரே முட்டி இடிக்காமல் இருக்க இன்னும் இரண்டடியாவது வேண்டும். முட்டி கதவில் இடிக்கும் பவுடர் ரூம்களும் இருக்கின்றன. அவற்றில் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்துவிட்டு, தாழ்ப்பாளை மட்டும் நல்லதாக வாங்க வேண்டும்.

அந்த வளைந்த ட்ராப்பில் எப்போதும் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கும் நமக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு. அந்த வளைவுக்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு இது ஏன் தோன்றியது என்பதை அவர் வீட்டுக்கு வந்த சம்பந்திகளைத்தான் கேட்க வேண்டும்.

சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது, அதில் வேடிக்கை ஏதுமில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் இறக்குவது குற்றம். சட்டம் வந்த பிறகும் அந்தத் தொட்டிகளில் விஷவாயுவால் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுவர் நாலரை அங்குலம் போதும் என்பார் மேஸ்திரி. இடம் மிச்சமாகும், சத்தம் மிச்சமாகாது. ஹால் சோபாவுக்கும் கம்மோடுக்கும் நடுவே நாலரை அங்குலச் செங்கல்லும், ஒரு பி.வி.சி. கதவும்தான். சம்பந்தி உள்ளே போனதும் ஹாலில் ஒரு பெரும் மௌனம் விழும். அப்போது யாராவது ஒருவர் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பொறுப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படையுங்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டுவது அநாகரிகம். எதற்காகக் கூட்டினார்கள் என்பது உள்ளே இருப்பவருக்குப் புரிந்துவிடும். கடகடக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவது புத்திசாலித்தனம். சத்தமில்லாத ஃபேன் கூடுதல் விலை, காசு கொடுத்து அவமானம் வாங்காதீர்கள்.

ஃபேனின் காற்று எங்கே போய் இறங்கும் என்பதையும் பாருங்கள். படிக்குக் கீழே வெளிச்சுவர் ஒன்றுதான் இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் திண்ணை. திண்ணையில் அப்பா பேப்பர் படிக்கிறார். ஒன்று ஃபேனை நகர்த்த வேண்டும், அல்லது அப்பாவை. ஃபேனை நகர்த்துங்கள், செலவு குறைவு.

அதே அப்பாவை முன்னிட்டு இன்னொரு எச்சரிக்கை. ஸ்விட்சை வெளியே வைக்காதீர்கள். "யாருமில்லாத ரூமுக்கு எதுக்குக் கரண்ட்டு" என்று சொல்லிக்கொண்டே போகிறபோக்கில் அணைத்துவிட்டுப் போகும் பெரியவர் இல்லாத தமிழ் வீடு கிடையாது. ஜன்னல் இல்லாத நாலடி அறை, கும்மிருட்டு, சரிந்த சீலிங். கத்தவும் முடியாது. கத்தினால் உள்ளே இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும்.

இனி அலங்காரம். இங்கேதான் பணம் போகும், போகட்டும். நாலடி அறைக்கு மோர்பியிலிருந்து வந்த டைல்ஸ், அதிலும் சலவைக்கல் போல் மினுக்குவது வேண்டும் என்று மருமகள் கேட்பார். தண்ணீர் பட்டால் மினுக்குவது வழுக்கும். தரைக்குச் சொரசொரப்பானதைப் போட்டு, மினுக்கலைச் சுவரோடு நிறுத்துங்கள். சம்பந்தி வழுக்கி விழுந்தால் அது டைல்ஸ் பிரச்சினையாக நிற்காது.

கறுப்புக் குழாய் இப்போது ஃபேஷன். வாங்கலாம், போர் தண்ணீர் இருக்கும் ஊரில் அது அழகான தீர்மானம். நான்கே மாதத்தில் உப்பு படிந்து வெள்ளையாகிவிடும். அதற்குள் வெள்ளைக் குழாய் ஃபேஷனுக்கு வந்துவிடும்.

கிண்ணம்போல் மேடைமேல் உட்காருகிற வாஷ்பேசின் கண்ணுக்கு நன்றாக இருக்கும். கைக்குத்தான் இருக்காது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினால் விளிம்பு முட்டும். எனவே விருந்தாளி ஒவ்வொரு கையாகக் கழுவுவார். தெறித்த தண்ணீர் அவர் வேட்டியில் சரியாக எந்த இடத்தில் விழக்கூடாதோ அங்கே விழும். பிறகு அவர் ஹாலுக்கு வந்து துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு உட்காருவார். நீங்கள் பார்க்காதது போல் இருங்கள்.

சோப்புத் தண்ணீர் பாட்டிலை வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்ததாக வைக்கவும். தீர்ந்ததும் உள்ளூர்ச் சோப்பை ஊற்றவும். பிறகு தண்ணீர் ஊற்றவும். அதன்பிறகும் தண்ணீர் ஊற்றவும். நுரை வருவது நிற்கும்வரை தமிழ்க் குடும்பம் ஒரு சோப்பைக் கைவிட்டதில்லை.

துண்டு வெள்ளையாக, மடிப்புக் கலையாமல், சாட்டின் பட்டி தைத்ததாக இருக்க வேண்டும். அதில் யாரும் கை துடைக்க மாட்டார்கள். ஆண்கள் கைக்குட்டையிலும் பெண்கள் முந்தானையிலும் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே அந்தத் துண்டு மகள் பிரசவத்துக்கு வரும்வரை இருக்கும். மணி பிளான்ட் வைக்கலாம். வெளிச்சமே இல்லாத அறையில் அது செத்ததும் பிளாஸ்டிக்கில் ஒன்று வைக்கலாம். "குட் வைப்ஸ் ஒன்லி" என்று ஒரு பலகை மாட்டுகிறார்கள். ஹாலில் மாட்டினால்கூட அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

மக்கைப் பற்றிப் பேசாமல் இந்த வழிகாட்டியை முடிக்க முடியாது. இன்டீரியர்காரர் முதல் நாளே அதற்குத் தடை போடுவார். பச்சை பிளாஸ்டிக் மக்கு அவருடைய போட்டோவைக் கெடுத்துவிடும். ஹெல்த் ஃபாசெட் போதும் என்பார். தரைத்தளத்தில், இரண்டு மாடிக்கு மேலே இருக்கும் டேங்கிலிருந்து இறங்கிவருகிற தண்ணீருக்கு வேகம் அதிகம். பழக்கமில்லாத சம்பந்தி அதைக் கையில் எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்க்க லேசாக அழுத்துவார். எதிர்ச் சுவர், கண்ணாடி, வெள்ளைத் துண்டு, கல் உப்பு எல்லாம் ஒரே அழுத்தில் நனையும். அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடி வைத்தால் வேகம் தணியும். ஆனால் பெரியவர்கள் ஃபாசெட்டைத் தொடவே மாட்டார்கள். உள்ளே நின்றுகொண்டு மக்கைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் வெளியே வந்து, "மக்கு எங்கம்மா?" என்று ஹாலில் அத்தனை பேர் முன்னால் கேட்பார்கள். எனவே இன்டீரியர்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு போகும்வரை மக்கை ஒளித்து வைத்து, அவர் கேட்டைத் தாண்டியதும் எடுத்து வையுங்கள்.

அறை தயார். இனி யார் உபயோகிக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இந்தக் கலையின் உயிர்நாடி அதுதான். வீட்டுக்காரர்கள் உபயோகிக்கக் கூடாது, அழுக்காகிவிடும். குழந்தைகள் கூடவே கூடாது. முழங்கால் வலிக்கார அத்தை, படுக்கையறைவரை நடக்க முடியவில்லை என்று ஜாடையாகக் கேட்பார். அவர் வீட்டு மனுஷி, ஒரு முறை விட்டால் வழக்கமாகிவிடும். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், கூரியர் பையன், டிரைவர் ஆகியோர் கேட்க மாட்டார்கள், கேட்காதவர்களைப் பற்றி நாம் ஏன் யோசிக்க வேண்டும்? அறையைக் கட்டி முடிக்கும்வரை செங்கல் சுமந்த சித்தாள் அம்மாள் எங்கே போனார் என்று யாரும் கேட்டார்களா? விருந்தாளிகள் மட்டும் உபயோகிக்கலாம். விருந்தாளிகளோ, புதிய டைல்ஸையும் துண்டையும் வாசலில் நின்று பார்த்து, "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, "பரவால்லம்மா, வீட்டுக்குப் போய்க்கறேன்" என்று அடக்கிக்கொண்டே கிளம்பிவிடுவார்கள்.

இதனால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். உபயோகிக்காத ட்ராப்பில் தண்ணீர் வற்றும். தரையில் இருக்கிற நாணி ட்ராப்பில் நிற்பது 2 அங்குலத் தண்ணீர்தான், கோடையில் அது காய்ந்துவிடும். காய்ந்ததும் சாக்கடை நாற்றம் ஹாலுக்கு வரும். யாரும் போகாத கழிப்பறை இப்படித்தான் நாறும். வாரம் ஒரு முறை ஃப்ளஷ் பண்ணி, தரையில் இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றி, கம்மோடைத் தேய்த்துவிட வேண்டும். இதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இருக்கிறார். காலை ஏழு மணிக்கு வந்து நாலு வீடு முடித்து இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவர். சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் இதையும் சேர்த்துச் செய்வார்.

ஒரு நாள் அவர் தேய்த்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அம்மா, நான் ஒரு நிமிசம் இதுல போயிக்கட்டுமா?" என்று கேட்கலாம். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். நாம் அப்படிப்பட்டவர்கள் அல்ல. "ஃப்ளஷ் ரிப்பேரும்மா, தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லுங்கள். சற்று முன்னால் அவரே ஃப்ளஷ் பண்ணிய சத்தம் ஹாலில் கேட்டிருக்கும். பரவாயில்லை, அவர் திருப்பிக் கேட்க மாட்டார். ஆனால் சொன்னதை நிஜமாக்குகிறேன் என்று பிளம்பரை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அவர் சாயங்காலம்வரை வேலை பார்ப்பார், நடுவில் அவருக்கும் வரும்.